ஹீட்டர் ஃபேன் இல்லை

காரைக்குடி
ஜனவரி 19

அன்பு மகள் ஹேமாவதிக்கு,

நானும் அப்பாவும் தம்பியும் இங்கே நலம். நீயும் நலம் என்றுதான் எழுதியிருந்தாய், அதை நான் முழுதாக நம்பவில்லை. விசாரித்துத் தெளிந்துகொண்டு எழுதலாம் என்று இருந்ததில் பதில் தாமதமாகிவிட்டது. போனில் சொன்னால் சரி சரி என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

உன் அறை ஹீட்டரில் எவ்வளவு சூடு செலவானது என்று காட்ட ஒட்டியிருக்கும் மீட்டரைப் படம் எடுத்து, இந்தக் கட்டடத்திலேயே எனக்குத்தான் செலவு குறைச்சல் என்று அனுப்பியிருந்தாயே, அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எம்புள்ள எங்க போனாலும் பொழைச்சுக்கிரும் என்று கண்டனூர் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நவம்பரில் நீ அனுப்பிய படத்தில் 14, இதில் 16, இரண்டு மாதத்துக்கு இரண்டே எண்தான் ஏறியிருக்கிறது. பின்னால் சுவர் மூலையில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. அன்றைக்குப் போனில் மூன்று முறை இருமினாய், கேட்டதற்குத் தூசி என்றாய். ஏழு வயதில் உனக்கு இழுப்பு வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம், அது மறுபடி வரக்கூடாது.

கோட்டையூர் சித்தப்பா மகள் சத்தியப்பிரியா அங்கே ஜெர்மனியில் இரண்டு குளிர்காலம் இருந்தவள் அல்லவா, அவளிடம் படத்தைக் காட்டினேன். சிரித்துவிட்டாள். ஏன் பெரியம்மா, அதை ஃபேனுன்னு நெனச்சுக்கிட்டீகளா, ஆள் இல்லாதப்ப நிப்பாட்டி வைக்க, சொவரு சூடு ஆறாம இருக்கணும், சில்லிட்டுப் போச்சுன்னா சோத்து ஆவி, துணி ஈரம் அம்புட்டும் அதுலதான் படியும், பூசணம் பூக்காம என்ன செய்யும் என்றாள். உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு பி.எஸ்சி. இயற்பியல் கடைசிப் பரீட்சை எழுதியவள் நான், எனக்கே இது உறைக்கவில்லை. அறையை விட்டு வந்தால் சுவிட்சை அணை என்று உன்னை வைது வளர்த்ததும் நான்தான். மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்துச் சூட்டைத் தடுக்கத்தான் நமக்குத் தெரியும், உள்ளே நிறுத்தி வைத்துப் பழக்கமில்லை.

இனி அதை அடியோடு அணைக்காதே. கல்லூரிக்குப் போகும்போது ஹீட்டர் வால்வை இரண்டில் வை, அறையில் இருக்கும்போது மூன்றில் வை. காலையும் மாலையும் வால்வை மூடிவிட்டு ஜன்னலை முழுக்கத் திறந்து பத்து நிமிஷம் காற்று விடு, பிறகு வால்வைத் திறந்துவிடு, ஜன்னலை நாள் பூராவும் லேசாகத் திறந்து போட்டு வைக்காதே, சூடு வீணாக வெளியே போகுமாம். கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போடு. பூசணத்தை வீட்டுக்காரரிடமும் நெஞ்சை டாக்டரிடமும் காட்டு, இந்த வாரமே.

இருமலைப் பற்றி அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீட்டரைப் படம் எடுத்து அனுப்பு. எண் ஏறியிருக்க வேண்டும், ஏறாவிட்டால் சொல்லிவிடுவேன்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. பிள்ளையார்பட்டிக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தேன். ஆனால் பிள்ளையார் அங்கே வந்து வால்வைத் திருப்ப மாட்டார், நீதான் திருப்ப வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
தீபலட்சுமி