விரத நாளின் மாத்திரை

என் அன்புச் செல்லக்கா,

இன்று காலை சட்டைக்குள் கையை நுழைக்க முடியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். உன்னைப் பிடித்த அதே மூட்டுவாதம் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. அதே ஸ்டீராய்டு மாத்திரைதான். டாக்டர் அளவைக் குறைத்துக்கொண்டு வருகிறார். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் விரல்கள் விறைக்கின்றன, உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடக்கிறது. போன வாரம் பத்திரிகைச் செய்திக்காகத் துறைமுகம் போனவன் கப்பல் ஏணியில் பாதியிலேயே நின்றுவிட்டேன். கீழே நின்ற சுமைதூக்கும் ஆள், "அண்ணாச்சி, ஏறுதியளா இறங்குதியளா?" என்று கேட்டான்.

உனக்கும் இப்படித்தான் வலித்ததா, அக்கா? யாரிடமும் சொல்லவே இல்லையே. உன் கடைக்கு வருகிறவர்கள், "ஏளா, மூஞ்சி என்ன பன்னு மாதிரி உப்பிக் கெடக்கு?" என்றால், "சும்மா வந்த சதை, ஒனக்கும் தரட்டுமா?" என்று சிரிப்பாய்.

அந்த மாத்திரைமேல் உனக்கிருந்த வெறுப்பு சஷ்டி விரதத்தின்போதுதான் தெரிந்தது. சோற்றோடு மாத்திரையையும் நிறுத்தினாய். "வெறும் வயித்துல மருந்து எதுக்குலே? முருகன் பாத்துக்கிடுவான்" என்றாய். நீ வாந்தி எடுத்தபோதும், தலைசுற்றி விழுந்தபோதும், விரதக் களைப்பு என்றே எல்லோரும் நினைத்தோம். சூரசம்ஹாரம் பார்க்க நீ இல்லை.

நாள்பட இந்த மருந்து தின்ற உடம்பு, தனக்கு வேண்டியதைத் தானே சுரக்க மறந்துவிடுமாம். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாம். டாக்டர் பிறகுதான் விளக்கினார்.

இப்போது மறுபடி சஷ்டி. எனக்கும் ஆசை வந்தது. உன் பெயரில் விரதம் இருந்து, இந்த மாத்திரையையும் அத்தோடு தலைமுழுகிவிடலாம் என்று.

முதல் நாள் காலையே அத்தான் வந்துவிட்டார். நீ போனதிலிருந்து உனக்காக அவர்தான் விரதம் இருக்கிறார். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத வாயோடு எனக்கு இட்லி எடுத்து வைத்தார்.

"மாப்ளே, பட்டினி கெடக்க நான் ஒருத்தன் போதும். நீ தின்னுட்டு மாத்திரயப் போடு. பாத்துட்டுத்தான் போவேன்."

விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. தினமும் வருகிறார்.

"வலி தாங்கலன்னா எங்கிட்ட வாங்க. நீங்களா கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாளை போகிறேன். உன்னைப்போல் எதையும் மறைக்க மாட்டேன்.

சூரசம்ஹாரத்தன்று அத்தானோடு திருச்செந்தூர்க் கடற்கரைக்கு வருவேன். அவர் பசியோடு வருவார். நான் சாப்பிட்டுவிட்டு வருவேன், அக்கா. சத்தியம்.

உனக்கு அடுத்துப் பிறந்த
தம்பி