அலசிய கஞ்சி

மார்ச் 3
ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கெட்ட கொழுப்பு நூற்றுத் தொண்ணூறு. மாத்திரை போட்டால் கால் சதை பிடித்துக்கொள்கிறது, தையல் மெஷினை மிதிக்க முடியவில்லை என்று என் மனைவி ஒரே அடம். டாக்டர் அரைமனதாக மூன்று மாதம் கொடுத்தார். "தினம் ஓட்ஸ் கஞ்சி குடிங்க. அதோட நார்ச்சத்து கொழுப்பைக் குறைக்கும். குறையலைன்னா மாத்திரைதான், வேற பேச்சே இல்ல."

இவள் அண்ணன் நாற்பத்தொன்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். இவளுக்கு இப்போது நாற்பத்தெட்டு. வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

மார்ச் 5
இரண்டு வாய்தான். உடனே சிங்குக்கு ஓட்டம். "என்னங்க இது, மூக்குச் சளி மாதிரி இருக்கு!"

மார்ச் 8
வழி கண்டுபிடித்துவிட்டேன்! வெந்த ஓட்ஸை வடிகட்டியில் கொட்டி, வழவழப்பு போகும்வரை குழாயடியில் அலசினேன். உதிரியாக வந்தது. உப்பு, மிளகு. கிண்ணம் காலி. லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

ஏப்ரல் 2
ஒரு நாள் தவறவில்லை.

ஏப்ரல் 19
சிங்க் அடைத்துக்கொண்டது. பிளம்பர் குழாயைக் கழற்றி, விரலில் வழித்துக் காட்டினார். "என்ன சார், பசை காய்ச்சி ஊத்துறீங்களா?" இவள்தான் அதிகம் சிரித்தாள். பிறகு மூச்சு வாங்கியது. வெகுநேரம் நாற்காலியை விட்டு எழவில்லை.

மே 11
ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓடவைக்கிறவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. படியில் பாதியிலேயே நிற்கிறாள். "செருப்பு வார் அவுந்துடுச்சுங்க." நேற்றும் அதேதான் சொன்னாள். குனிந்து பார்த்தேன் — வார் சரியாகத்தான் இருந்தது.

டாக்டரிடம் போவோம் என்றேன். "மூணு மாசம் முடியட்டும். கஞ்சிதான் குடிக்கறேனே." நானும் சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

ஜூன் 4
நூற்றுத் தொண்ணூற்றாறு.

உணவு ஆலோசகர் சின்னப் பெண். கஞ்சியை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டாள். பெருமையாகச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "சார்... அந்த வழவழப்புதான் சார் மருந்தே. அதுதான் குடல்ல கொழுப்பைப் பிடிச்சு வெளிய கொண்டுபோகும். அதைப் போய் அலசிட்டீங்களே."

மூணு மாசம்... நானே, என் கையாலேயே!

இவள் திட்டவே இல்லை. மாத்திரைச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். "விடுங்க. நாளைலேர்ந்து அலசாம குடுங்க. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சிடறேன்." திங்கட்கிழமை இதயப் பரிசோதனை.

ஜூன் 7
படியிலேயே விழுந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஜூன் 29
"கஞ்சி மட்டும் காரணம் இல்ல சார்" என்கிறார் டாக்டர். நல்ல மனிதர்.

டப்பாவில் கொஞ்சம் ஓட்ஸ் மீந்திருந்தது. காய்ச்சினேன். அலசவில்லை. கிண்ணம் முழுவதும் குடித்தேன். வழவழவென்றுதான் இருந்தது. நாலு நாள் பழகியிருந்தால் அவளுக்கும் இறங்கியிருக்கும்.