வாசலில் ஒரு நபர்

மார்ச் 3, திங்கள்

இன்று சலூன் விடுமுறை. பேனா எங்கே போனதென்று தெரியவில்லை, புருவப் பென்சிலால் வீட்டின் படம் போட்டேன். முன்னால் மூன்று படி, கிரில் கதவு, அதை ஒட்டி மரக்கதவு. ஒரு ஹால், ஒரு பின்னறை, சமையலறை, பின்கதவு. வலது பக்கம் ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து. என் பெயரில் இருக்கும் முதல் வீடு. மொத்தமும் அரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது.

நான்கு இடத்தில் கேமரா என்று வட்டம் போட்டிருக்கிறேன்: வாசல், சந்து, பின்கதவு, ஹால். ஆளை வைத்துப் பொருத்தினால் ஒரே நாளில் முடியும். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் ஏணி போட்டு என் வீட்டு மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டுப் போவார். அப்புறம் அவரைக் கண்காணிக்க ஐந்தாவது கேமரா வேண்டும். நானே செய்துகொள்கிறேன்.

குடிவந்து ஐந்து வாரம். இதுவரை வந்தவர்கள்: குழாய் சரிசெய்தவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், வீடு மாறிக் கதவைத் தட்டிய ஒருவர். மூன்றாமவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு உடனே போய்விட்டார். இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருக்கலாம்.

மார்ச் 5, புதன்

வேலை முடிந்து எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா என் படத்தை மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஹால்ல எதுக்குங்க கேமரா? வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?"

"நான்தான்."

"உங்கள நீங்களே பாக்கப் போறீங்களா?"

கடையில் இருந்த இன்னொருவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். படத்தில் ஹால் வட்டத்தை அடித்துவிட்டோம். கடைசியில் ஒன்றே ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன், வாசலுக்கு. கம்பி இழுக்க வேண்டாம், வைஃபையில் ஓடும், உள்ளே ஒரு மெமரி கார்டு. பத்து நாள் வரை பதிவு நிற்கும், பிறகு பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதிக்கொள்ளுமாம். யாராவது அசைந்தால் ஃபோனுக்குச் செய்தி வரும்.

"ஏழு அடிக்கு மேல மாட்டாதீங்க. மூஞ்சி தெரியாது," என்றார்.

மார்ச் 7, வெள்ளி

ஏன் கேமரா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். திருட்டுப் பயமா? என்னிடம் திருட என்ன இருக்கிறது, இரண்டு கத்தரிக்கோல், ஒரு டிரையர்.

அப்பா சொன்னதுதான். அவர் முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலை கேட்டில் வாட்ச்மேன். வீடு வாங்கிய விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்ட பிறகு தரகர் வாயால் தெரிந்துகொண்டார். "தனியா இருக்கப் போறியா? யாரு வந்தா, யாரு போனா, உனக்கு எப்படித் தெரியும்? ஆறு மாசம். பயந்துகிட்டுத் திரும்பி வருவ." நானும் விடவில்லை. தம்பி குடும்பத்தோடு இருந்த அந்த வீட்டில் பதினொரு வருஷம் ஹாலில் படுத்தவள் நான். "இங்க எனக்குன்னு ஒரு கதவு இருக்காப்பா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிப் போனது. "உன் வாசலத் தாண்டி நான் காலெடுத்து வைக்க மாட்டேன்" என்றார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

கேட்டது தப்பில்லை. கேட்ட விதம்தான் தப்பு. அம்மா போனபின் அவருக்கு மட்டும் கதவு இருந்ததா என்ன? அவரும் அதே ஹாலில்தானே படுத்தார்.

மார்ச் 10, திங்கள்

கேமரா மாட்டியாகிவிட்டது. சுவரில் மூன்று தேவையில்லாத ஓட்டை. நான்காவது சரியாக விழுந்தது.

கோணம் பார்க்க வாசலில் ஒருவர் நிற்க வேண்டும், உள்ளே ஒருவர் ஃபோனைப் பார்க்க வேண்டும். எனக்கோ இருப்பது ஒரே ஆள். சலூனில் முடி வெட்டிப் பழகுவதற்கு வைத்திருக்கும் டம்மித் தலையைக் கொண்டுவந்து, ஸ்டூல் மேல் வைத்து, படியில் நிறுத்தினேன். ஃபோனில் பார்த்தால் அவ்வளவு அழகாக இருந்தது. வகிடு, உச்சி, பின்னால் முடி விழும் விதம், எல்லாம் துல்லியம். திருகாணியை இறுக்கிவிட்டேன்.

காலிங் பெல்லும் மாட்டினேன். ஒரு சிக்கல். அழுத்தினால் வெளியே நிற்கும் எனக்குக் கேட்கிறது. பின்னறையில் இருந்தால் கேட்குமா? யாரைப் போய் கேட்பது? அழுத்திவிட்டு உள்ளே ஓடிப் பார்த்தேன். பின்னறைக்குப் போவதற்குள் நின்றுவிட்டது. இரண்டு முறை ஓடினேன். பிறகு வெட்கமாக இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

மாலை ஆறு ஐம்பது. பையில் ஃபோன் கத்தியது. "வாசலில் ஒரு நபர்." எடுத்துப் பார்த்தால் நான்தான், சாவி தேடிக்கொண்டு நிற்கிறேன்.

ஆனால் முகம் தெரியவில்லை. வெறும் உச்சந்தலைதான் தெரிந்தது. கடைக்காரம்மா சொன்னது சரிதான். உட்கார்ந்திருக்கும் தலையின் உயரத்தில் டம்மியை வைத்து அளந்தால் நிற்கிறவர்களுக்கு உச்சிதான் தெரியும். இருபது வருஷமாக மனிதர்களை மேலிருந்தே பார்ப்பவள் மாட்டிய கேமரா வேறு எப்படி இருக்கும். திங்கட்கிழமை இறக்கி மாட்ட வேண்டும்.

மார்ச் 12, புதன்

வாசலில் ஒரு நபர். நான்.

மதியமும் ஒரு முறை கத்தியதாம், வேலை மும்முரத்தில் பார்க்காமலே தள்ளிவிட்டேன். பூனையாக இருக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

வாசலில் ஒரு நபர். நான். தினமும் ஆறு ஐம்பதுக்கு ஃபோன் என்னைக் கண்டுபிடிக்கிறது. வேறு யாரையும் கண்டுபிடிக்கவில்லை.

இப்படி எழுதும்போது சிரிப்பாகத்தான் வந்தது. எழுதி முடித்தபின் வரவில்லை.

மார்ச் 19, புதன்

மதியம் பன்னிரண்டு பத்து. வாசலில் ஒரு நபர்.

நான் சலூனில் இருக்கிறேன். அப்படியென்றால் நான் இல்லை. திறந்து பார்த்தேன். ஒரு கறுப்புக் குடை படியேறி வந்து கிரில் முன்னால் நின்றது. குடைக்குக் கீழே கை ஏதோ செய்தது. அரை நிமிஷம். குடை இறங்கிப் போய்விட்டது. முகம் இல்லை, தலைகூட இல்லை. விளம்பரச் சீட்டு செருகுகிறவராக இருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தேன், சீட்டு எதுவும் இல்லை.

மார்ச் 26, புதன்

அதே குடை. அதே பன்னிரண்டு பத்து. இந்த முறை படியிலிருந்து இறங்கி, பக்கச் சந்துக்குள்ளும் போய்விட்டு வந்தது.

ஃபோனைப் பார்த்துக்கொண்டே வெட்டியதில் ஒரு வாடிக்கையாளரின் நெற்றி முடி அரை அங்குலம் கூடுதலாகப் போய்விட்டது. அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

யாரோ என் வீட்டை நோட்டம் விடுகிறார்கள். நான் எப்போது போகிறேன், எப்போது வருகிறேன் என்று தெரிந்திருக்கிறது. யாரிடம் சொல்வது? தம்பியிடம் சொன்னால் அப்பா காதுக்குப் போகும். "நான் சொன்னேன்ல" என்பார். ஆறு மாசம்கூட ஆகவில்லை, இரண்டே மாசம். சொல்ல மாட்டேன். செத்தாலும் சொல்ல மாட்டேன்.

மார்ச் 27, வியாழன்

இரண்டாவது பூட்டு வாங்கினேன். கடைக்காரம்மா, "போலீசுக்குப் போங்களேன்" என்றார். போய் என்ன காட்டுவது, ஒரு குடையின் படத்தையா?

இந்தத் திங்கள் கேமராவை இறக்கியே தீருவேன்.

மார்ச் 31, திங்கள்

காய்ச்சல். ஏணி ஏறவில்லை. ஒரு டம்ளர் சுடுதண்ணீர் வைத்துக்கொடுக்க ஆள் இல்லை என்று அழுதேன். பிறகு எழுந்து நானே வைத்துக் குடித்தேன்.

ஏப்ரல் 2, புதன்

காலையிலிருந்து மேகமூட்டம். பன்னிரண்டு எட்டுக்கே ஃபோனைக் கையில் எடுத்துவிட்டேன்.

வந்தார். வெயில் இல்லாததால் குடை மடக்கி அக்குளில் இருந்தது. தலை நேராகக் கேமராவுக்குக் கீழே வந்து நின்றது. நரைத்த தலை. உச்சியில் ரெட்டைச் சுழி. ஒன்று வலப்பக்கம் சுற்றும், ஒன்று இடப்பக்கம்.

அந்தச் சுழியைப் பத்தொன்பது வருஷம் மாதாமாதம் வெட்டியிருக்கிறேன். எவ்வளவு வாரினாலும் நடுவில் ஒரு கொத்து எழும்பி நிற்கும். இப்போதும் நின்றது. இடது காதுக்குப் பின்னால் யாரோ படுமோசமாக வெட்டியிருக்கிறார்கள், படிக்கட்டு மாதிரி.

அப்பா.

பழைய பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். புதுப் பூட்டையும் இரண்டு முறை. வேலை பார்த்த காலத்தில் கேட்டைப் பூட்டிவிட்டு அப்படித்தான் இழுப்பார், வீட்டிலும் அப்படித்தான். பிறகு சந்துக்குள் ஒரு நடை. வெளியே வந்து, கடைசிப் படியில் ஒரு நிமிஷம் நின்றார். போய்விட்டார்.

ரவுண்டு வந்திருக்கிறார். என் வீட்டுக்குக் காவல் ரவுண்டு.

கார்டில் பத்து நாள்தான் இருக்கும், அதற்கு முந்தையதைப் பார்க்க முடியாது. மார்ச் பன்னிரண்டாம் தேதி நான் பூனை என்று தள்ளிவிட்டதும் புதன்கிழமைதான். கேமரா மாட்டுவதற்கு முன்னால் எத்தனை புதன் வந்தாரோ.

ஏப்ரல் 3, வியாழன்

தம்பிக்கு ஃபோன் செய்தேன், சும்மா விசாரிப்பது போல.

"அவருக்கென்னக்கா, நல்லாதான் இருக்காரு. புதன்கிழமை ஆனா மாத்திரை வாங்கறேன்னு கெளம்பிடறாரு. மருந்துக் கடை தெரு முனையிலதான் இருக்கு. என்னமோ ரெண்டு பஸ் மாறிப் போன மாதிரி வேர்த்து விறுவிறுத்து வர்றாரு."

ரெண்டு பஸ் மாறித்தான்டா வர்றாரு என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஐந்து நாளாக யோசனை. ஃபோன் செய்து கேட்கலாமா? கேட்டால், "நானா? நான் எதுக்கு அங்க வர்றேன்?" என்பார். அதோடு சரி, அடுத்த புதன் வரமாட்டார். அவர் வீம்பு எனக்குத் தெரியும், என்னிடம் இருப்பதும் அதுதானே. லீவு போட்டு வாசலில் நின்றால்? தெருமுனையிலேயே என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

இதைக் கெடுத்துவிட்டால் புதன்கிழமையும் போய்விடும். அப்புறம் எனக்கு என்ன இருக்கிறது, ஆறு ஐம்பது மட்டும்தான்.

ஒரு வழி இருக்கிறது. பூட்டாத கதவை விட்டுவிட்டுப் போக அவரால் முடியாது.

ஏப்ரல் 9, புதன்

மரக்கதவைப் பூட்டினேன், அதையும் திறந்துபோடும் தைரியம் வரவில்லை. கிரில்லைச் சும்மா சாத்தி, இரண்டு பூட்டையும் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். நடக்கும்போது ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

பன்னிரண்டு பத்து. யாரும் இல்லை. பன்னிரண்டரை. யாரும் இல்லை. ஒரு வாடிக்கையாளருக்குப் பாதித் தலைக்கு டை போட்டிருக்கிறேன், கையில் பிரஷ். பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தார். குடை. கை நீண்டது, பூட்டைத் தேடியது. இல்லை. கிரில்லைத் தொட்டார், திறந்துகொண்டது. குடையை மடக்கினார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். மரக்கதவைத் தள்ளிப் பார்த்தார். கிரில்லை இழுத்துச் சாத்திவிட்டு, மேல்படியில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் ஒரு நபர். வாசலில் ஒரு நபர். அவர் கால் மாற்றும்போதெல்லாம் ஃபோன் சொல்லிக்கொண்டே இருந்தது.

முதலாளியம்மா பக்கத்தில் வந்தார். "என்னாச்சு உனக்கு? ஃபோனையே பாத்துகிட்டிருக்க."

"எங்கப்பா வீட்டுக்கு வந்திருக்காரு."

"அதுக்கு ஏன் அழற?" பிரஷை என் கையிலிருந்து வாங்கினார். "போ. இத நான் முடிச்சுக்கறேன்."

ஏப்ரனைக் கழற்றாமலே பஸ் ஏறியிருக்கிறேன், இறங்கும்போதுதான் தெரிந்தது.

என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். இளைத்திருக்கிறார்.

"பூட்டாம போயிருக்க."

"மறந்துட்டேன்ப்பா."

"மறக்கற விஷயமா இது? நான் வரலன்னா என்ன ஆயிருக்கும்?"

"நீங்க எப்படிப்பா இந்தப் பக்கம்?"

குடையின் கொக்கியைச் சரிபார்த்தார். "மாத்திரை வாங்க வந்தேன்."

சண்டையைப் பற்றிப் பேச வேண்டும் என்று பஸ்ஸில் எவ்வளவோ கோத்து வைத்திருந்தேன். "யாருப்பா முடி வெட்டினது?" என்றுதான் வந்தது.

கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது. "ஏன், நல்லா இல்லையா?"

"கண்றாவியா இருக்கு. உள்ள வாங்க, சரி பண்ணிவிடறேன்."

நிலைப்படியைப் பார்த்தார். சொன்ன சொல் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கும்தான். "இங்கயே வெட்டேன்" என்றார். "காத்து வருது."

ஸ்டூலைக் கொண்டுவந்து படியில் போட்டேன், டம்மித் தலை வைத்த அதே இடம். வெட்டும்போது, "மேல என்ன அது, கேமராவா?" என்றார். "ரொம்ப ஒசரத்துல மாட்டியிருக்க. மூஞ்சியே தெரியாது."

"தெரிய வேண்டியது தெரிஞ்சுதுப்பா."

கத்தரிக்கோலுக்குக் கீழே தலை அசையாமல் இருந்தது. புரிந்துகொண்டார். "சந்துப் பக்கம் ஜன்னல் கொக்கி சரியில்ல. மாத்தணும்" என்றார்.

"அப்பா, அன்னிக்கு நான் கேட்டது தப்பு."

"ம். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருக்கணும்."

வெட்டி முடித்தேன். கழுத்தெல்லாம் முடி. தலை கழுவாமல் ரெண்டு பஸ் ஏற முடியாது. கடைசியில் செருப்பைக் கழற்றினார். "கழுவறதுக்குத்தான்" என்றார். உள்ளே போனார்.

இப்போதுதான் ஃபோனைப் பார்த்தேன். இரண்டு மணி ஐந்துக்கு ஒரு செய்தி. வாசலில் இரண்டு நபர்கள்.

ஏப்ரல் 14, திங்கள்

ஏணி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் எடுத்து வைத்தேன். பிறகு உள்ளே வைத்துவிட்டேன். கேமரா அங்கேயே இருக்கட்டும்.

ஏப்ரல் 16, புதன்

போன வாரமே எல்லாப் பூட்டுக்கும் ஒரு செட் சாவி அப்பாவிடம் கொடுத்திருந்தேன். "எதுக்கு?" என்றார், ஆனால் வாங்கிக்கொண்டார். இன்று பன்னிரண்டு பத்துக்கு ரெட்டைச் சுழி வந்து பூட்டுகளை இரண்டிரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, பிறகு திறந்துகொண்டு உள்ளே போனது. ஜன்னல் கொக்கி மாற்ற மட்டும் என்று சொல்லியிருந்தார். சாயங்காலம் வரை அவர் வெளியே வந்ததாகச் செய்தி இல்லை.

ஆறு ஐம்பது. என்னிடம் சாவி இருந்தது. எடுக்கவில்லை. பெல்லை அழுத்தினேன்.

பின்னறையிலிருந்து குரல் வந்தது. "கேக்குது, கேக்குது."