பிரேக் ஏன் கத்துகிறது என்று எனக்கும் தெரியும்

மட்டாஞ்சேரி,
26-7-1958

என் அன்புக்குரிய அகத்துக்காரருக்கு, கமலாக்ஷி நமஸ்காரம் செய்து எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மெட்ராஸில் நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

மழை விடவில்லை. கிடங்குகளில் சுக்கு மூட்டைகள் ஈரம் பட்டுத் தெருவே காரமாக மணக்கிறது. அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஒன்றரைப் பக்கமும் பிரேக்தான். ஸ்வர்ணலதா தன் காரின் பிரேக் ஏன் கிறீச்சிடுகிறது என்று கேட்டாளாம். நீங்கள் சக்கரத்தையே கழற்றிக் காட்டினீர்களாம். அவள் சட்டென்று புரிந்துகொண்டாளாம். சனிக்கிழமை தோறும் அதே சத்தத்தோடு வண்டி வந்துவிடுகிறதாம். பங்குனியில் எழுதியபோது அவள் டாக்டரம்மா. இப்போது வெறும் ஸ்வர்ணலதா.

கல்யாணமானதிலிருந்து மெட்ராஸ் போகும்வரை நீங்கள் இங்கே தோப்பும்படி ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிரீஸ் கையோடு வருவீர்கள். இன்று என்ன வேலை என்று நான் கேட்டால், உனக்கு அதெல்லாம் புரியாது என்பீர்கள். நானும் சோப்பை எடுத்துக் கொடுப்பேன்.

வியாழக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு அந்த ஒர்க்‌ஷாப்புக்கே போனேன். உங்களோடு வேலை பார்த்த நாணுச் சேட்டனிடம், பிரேக் ஏன் கத்துகிறது என்று எனக்குக் காட்டுங்கள் என்றேன். முதலில் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் ஒரு டாக்ஸியின் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே இரும்பு வாணலி மாதிரி டிரம். பிரேக்கை மிதித்தால், லைனிங் என்கிற தேய்பட்டை ஒட்டிய இரண்டு வளைந்த துண்டுகள் விரிந்து அதை உரசி நிறுத்துகின்றன. தேய்ந்த பொடி உள்ளேயே தங்கினாலும், சூட்டில் லைனிங் வழவழத்துப் போனாலும் டிரம் அதிர்ந்து கத்துமாம். ராத்திரி ஈரத்தில் துருப்பிடித்துக் காலையில் கத்துவது, நாலு தடவை மிதித்தால் போய்விடும். கரகரவென்று அறுக்கிற சத்தம்தான் ஆபத்து. லைனிங் தீர்ந்து இரும்பும் இரும்பும் உரசுகிறது என்று அர்த்தம். எனக்கு எல்லாம் புரிந்தது. அந்தக் கறுப்புப் பொடியை விரலால் தொட்டும் பார்த்தேன்.

பிறகுதான் கேட்க வந்ததைக் கேட்டேன். துடைத்துச் சரிசெய்து அனுப்பிய வண்டி வாராவாரம் மறுபடி கத்துமா?

சேட்டன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நம்ம ஆள் பணி செஞ்சா மாசக்கணக்கில் சத்தம் வராது, கமலாக்ஷி. பின்னெயும் வருதுன்னா டிரம் கோணியிருக்கணும். அல்லெங்கில், அதுவும் இல்லேன்னா, வண்டி கத்தவே இல்லை.”

யாருடைய வண்டி என்று அவர் கேட்கவில்லை. எதிரே வருகிறவர்கள் என் முகத்தைப் பார்க்காதபடி குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

டிரம் கோணலென்றால் கடைசல் பிடித்துக் கொடுத்துவிடுங்கள். ஒரே தடவையில் முடிகிற வேலையாம்.

வீடு கிடைக்கவில்லை என்று இனி எழுத வேண்டாம். ஒரு அறை போதும். ஆடியில் பயணம் எதற்கு என்று அம்மா தடுத்தாள், நான் கேட்கவில்லை. தம்பி அப்பு டிக்கெட் எடுத்துவிட்டான். வருகிற வியாழக்கிழமை மெயிலில் அவனோடு புறப்படுகிறேன். வெள்ளிக்கிழமை காலை சென்ட்ரலுக்கு வாருங்கள். வேலை இருந்தால் பரவாயில்லை, நானே நேராக உங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிடுகிறேன். மறுநாள் சனிக்கிழமைதானே.

நான் வந்து சேரும்வரை பகவான் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள்
கமலாக்ஷி