யாகப்பரின் வலையும் என் ஒன்பதாவது ரொக்கெற்றும்

10 பெப்ரவரி 2018, சனி

இன்று தேர்தல். வாக்குப் போட்டுவிட்டு வரும் வழியில், வேலியோரம் கழன்று கிடந்த ஒரு வேட்பாளரின் படம் போட்ட பிளாஸ்ரிக் மட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன். ஒன்பதாவது ரொக்கெற்றின் மூன்று செட்டையும் அதில்தான் வெட்டினேன். யாரென்று எழுதமாட்டேன். வென்றாலும் தோற்றாலும் அந்த மனுசன் மேலே போவது என் கையால்தான்.

அண்ணனின் மனிசி எடித் மச்சாள் குசினி வாசலில் நின்று நூறாவது தடவையாகக் கேட்டா, “உது வெடிக்காதோ?”

நூறாவது தடவையாகச் சொன்னேன். “மச்சாள், உதுக்குள்ள மருந்தும் இல்லை, நெருப்பும் இல்லை. ரெண்டு சோடாப் போத்தல், மூண்டிலொரு பங்கு தண்ணி, மிச்சம் காத்து. சைக்கிள் பம்பால அடிச்சு இறுக்கிப்போட்டு அடைப்பை இழுத்தால் தண்ணி கீழ பாயும், போத்தல் மேல போகும்.”

“நாப்பத்தொரு வயசில உனக்கு உது தேவையோ?”

தேவை. வாரம் ஐந்து நாளும் நானாட்டானில் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் மற்றவர்களின் பரிசோதனைக் குழாய்களைக் கழுவுகிறேன். சனிக்கிழமை என்னுடையது. எட்டாவது அறுபத்தெட்டு மீற்றர் போனது. எனக்கு நூறு வேண்டும். ஏன் நூறு? சும்மாதான். எனக்குப் பிடிச்சிருக்கு, அது காணாதா?

14 பெப்ரவரி, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு வால்வுக்குப் பசை பூசினேன். தபசுகாலத்து நாற்பது நாளைக்கும் எதை விடப் போகிறாய் என்று பங்குச் சுவாமி கேட்டார். ரொக்கெற்றை விடப் போகிறேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

17 பெப்ரவரி, சனி

எழுபத்துநாலு மீற்றர்!

வழக்கம்போலத் தனியாகத்தான் அளந்தேன். ஏவும் இடத்திலிருந்து அறுபது மீற்றர் தள்ளி நின்று, ஒரு கையால் தங்கூசி நைலோன் நூலை இழுத்து அடைப்பைத் திறந்தேன். மற்றக் கையில் பாகைமானி. அதில் தொங்கும் வலை ஈயக்குண்டு ஐம்பத்தொரு பாகையில் நின்றது. மிச்சமெல்லாம் கணக்கு. தாராபுரத்திலிருந்து என்னோடு வேலைக்கு வரும் கைருன்னிசா ஒரு உடைந்த குடை தந்திருந்தாள். அதன் சீலையில் தைத்த பரசூட் முதல்தடவையாக ஒழுங்காக விரிந்தது.

விரிந்ததுதான் வினை. காற்று அதை வடக்கே கொண்டுபோனது. நான் அண்ணாந்து பார்த்தபடி ஓடினேன். கையில் பிடித்த பிறகுதான் கரையில் ஒருவரும் கதைக்கவில்லை என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் வலைமுதலாளி யாகப்பர் சம்மாட்டியாரின் கரைவலை. வள்ளத்தில் ஏற்ற நீட்டி வைத்திருந்தது. நான் அதைத் தாண்டி வந்திருக்கிறேன்.

கடலுக்குப் போக இருக்கிற வலையைப் பொம்பிளை தாண்டக் கூடாது. இது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மற்ற நாட்களில் நானும் சுற்றித்தான் போவேன்.

“சிங்கராசா, உன்ரை தங்கச்சிக்குக் கண் எங்க இருக்கு?” என்றார் சம்மாட்டியார். என் அண்ணன் அவருடைய வலையில்தான் கயிறு இழுக்கிறார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

“தெரியாமல் நடந்துபோச்சு, சம்மாட்டியார். குறை நினையாதேங்கோ” என்று நான் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். மனதாரத்தான் சொன்னேன்.

22 பெப்ரவரி, வியாழன்

நாலு நாளாக வலை நிறையச் சொறி, தொட்டால் கடிக்கிற ஜெல்லிமீன். கையெல்லாம் கடித்துத் தடித்துப்போய் அண்ணன் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறார். மீன் என்று சொல்ல ஒரு கூடை இல்லை. நான் தாண்டினபடியால்தானாம். மீன் வாங்க வந்தவர்கள்கூட என் பெயரைச் சொல்லுகிறார்களாம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்! பக்கத்தில் போட்ட மற்ற வலையிலும் சொறிதானே வந்தது? அந்த வலையை எந்தப் பொம்பிளை தாண்டினவள்? கேட்டேன். அண்ணன் மற்றக் கைக்கு எண்ணெய் பூசினார்.

25 பெப்ரவரி, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வர, யாகப்பர் மறித்தார். நாளைக்குக் காலையில் வலைக்கு முன்னால், எல்லாருக்கும் முன்னால், நான் முழங்காலில் இருந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். வலைக்குத் தீர்த்தம் தெளிக்க வேண்டுமாம்.

“உந்தப் போத்தலையும் என்ரை கையில தந்திட்டு, இனி கடக்கரைக்கு உதுகளோடை வரமாட்டன் எண்டும் சொல்லு. அதோட முடிஞ்சுது பிரச்சினை.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. “தெரியாமல் தாண்டினதுக்கு அண்டைக்கே சொல்லிப்போட்டன். மீன் வராததுக்கு நான் முழங்காலில நிக்கமாட்டன், சம்மாட்டியார். இப்பதான் கோயிலுக்குள்ள நிண்டிட்டு வாறன். அது காணும்.”

மச்சாள் என் சட்டையைப் பிடித்து இழுத்தா. இழுத்தா என்ன, சொன்னது சொன்னதுதான்.

26 பெப்ரவரி, திங்கள்

அண்ணனைக் கயிற்றிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

காலை ஆறரைக்கே திரும்பி வந்து கதிரையில் இருந்தார். பதினெட்டு வருசமாக அந்தக் கயிறு. “உன்ரை போத்தலால என்ரை கயிறு போச்சு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

2 மார்ச், வெள்ளி

“எங்கட தாராபுரத்துக்குக் கொண்டு வாவன், விளையாட்டு மைதானம் இருக்கு” என்று கைருன்னிசா கேட்டாள். நல்ல மனசு. ஆனால் ஏன் நான் இடம் மாற வேண்டும்? கடற்கரை யாகப்பரின் சீதனமா?

3 மார்ச், சனி

போனேன். கடற்கரைக்குத்தான் போனேன். வலைகளுக்கு அங்கால், தெற்கு முனையில். ஒன்பதாவது எழுபது போனது.

சைக்கிளில் போன நேவிக்காரன் ஒருவன் இறங்கி வந்தான். “மொகத மே?” என்ன இது என்று சிங்களத்தில் கேட்கிறான். தண்ணீரைக் காட்டினேன், பம்பைக் காட்டினேன். போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தானே பம்பை அடித்தான்! அது மேலே போக, சின்னப்பிள்ளை மாதிரிக் கை தட்டினான். நேவிக்காரனுக்கு விளங்குகிறது, யாகப்பருக்கு விளங்கவில்லை.

6 மார்ச், செவ்வாய்

அண்ணன் வேறு வலைக்குக் கேட்டுப் போனார். “யாகப்பரோடை கதைச்சிட்டு வா” என்று அனுப்பிவிட்டார்களாம். வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டார். மச்சாள் என்னோடு கதைப்பதில்லை. சட்டிபானைதான் கதைக்கிறது.

போய்ச் சொல்லிப்போடட்டோ? ரெண்டு நிமிசம். முழங்கால் தேஞ்சு போகுமோ? தேயாது. அண்ணனுக்காகத் தானே. ஆனா ஒருக்கா முழங்காலில இருந்தனெண்டால் — நாளைக்கு வலை கிழிஞ்சாலும் நான்தான், வள்ளம் கவிண்டாலும் நான்தான், ஆருக்கும் காய்ச்சல் வந்தாலும் நான்தான். எத்தினை தரம் முழங்காலில நிக்கிறது?

ஏலாது. ஆனால் இப்படியே விடவும் ஏலாது. சனிக்கிழமை நானே யாகப்பரின் வாடிக்கு, அந்தக் கடற்கரைக் கொட்டிலுக்குப் போய் முகத்துக்கு நேரே கதைக்கிறேன்.

10 மார்ச், சனி

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

வாடியில் யாகப்பரும் ஆறேழு ஆம்பிளையளும் இருந்தார்கள். நிழலில் அவருடைய மனிசி கிறேஸ் அக்காவும் மற்றப் பெண்களும் அதே வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். திருக்கை கிழித்த வலை. காலை நீட்டி, வலையை மடியில் போட்டு, ஊசி ஓடிக்கொண்டிருந்தது.

“மன்னிப்புக் கேக்க வந்தனியோ?” என்றார் யாகப்பர்.

“அண்ணனைத் திருப்பி எடுங்கோ எண்டு கேக்க வந்தனான். பிழை எண்டால் அது என்ரை. அவர் என்ன செய்தவர்?”

“நீ முழங்காலில இரு, அவன் நாளைக்கே வரட்டும்.”

அப்போதுதான் அது என் கண்ணில் பட்டது. “சம்மாட்டியார், நான் வலையைத் தாண்டினால் தீட்டு. கிறேஸ் அக்கான்ரை கால் இப்ப எங்க இருக்கு? வலைக்குக் கீழதானே? பொம்பிளையள் மடியில போட்டுப் பொத்தலாம், நாள் முழுக்கக் காலில விரிச்சு வைக்கலாம், தாண்டினால் மட்டும் மீனுக்குக் கோவம் வருமோ?”

ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். ஆம்பிளையளில் ஒருவனும் சிரித்தான். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“பிள்ளைகுட்டி இல்லாதவளுக்கு வேறை என்ன வேலை? ஆகாசத்தைப் பாத்துக்கொண்டு திரியவேண்டியதுதான். மலடியளின்ரை காத்துப் பட்டால் கடலும் மலடாகும்.”

என்னைச் சொன்னது பெரிசில்லை. நான் கலியாணமே கட்டாதவள், எனக்கு அது தோலில் ஒட்டாது. நான் கிறேஸ் அக்காவைப் பார்த்தேன். எல்லோரும் கிறேஸ் அக்காவைத்தான் பார்த்தார்கள். கட்டி இருபத்திரண்டு வருசம், பிள்ளை இல்லை. மடு மாதா கோயிலுக்கு எத்தனை தரம் நடந்தே போயிருப்பா.

அவ ஊசியை வலையில் குத்தி வைத்தா. வலையை மடியிலிருந்து இறக்கினா. எழும்பிச் சீலையைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனா. யாகப்பர் “எணேய், கிறேஸ்” என்று கூப்பிட்டார். அவ திரும்பவில்லை.

13 மார்ச், செவ்வாய்

கிறேஸ் அக்கா ஊசியைத் தொடவில்லையாம். மற்றப் பெண்களும் போகவில்லையாம். ஒருத்திக்குத் தலையிடியாம், ஒருத்திக்கு இடுப்பு நோவாம், ஒருத்தி மூத்த மகளிடம் போய்விட்டாளாம். ஆம்பிளையள் தாங்களே பொத்திப் பார்த்து, கண்ணிகள் எல்லாம் இறுகிச் சுருண்டுபோய்விட்டதாம். இதை எனக்குச் சொன்னது ஆர்? எடித் மச்சாள்! இரண்டு கிழமைக்குப் பிறகு வாய் திறந்தா. சொல்லிக்கொண்டு எனக்குத் தேத்தண்ணியும் தந்தா.

15 மார்ச், வியாழன்

பின்னேரம் கிறேஸ் அக்கா வந்தா. இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

“நான் உனக்காண்டி வரேல்லை, அன்ரோனெற்” என்றா முதலே. “இத்தினை வருசத்தில அந்த மனுசன் எனக்கு ஒரு நாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. நல்ல மனுசன் எண்டுதான் நினைச்சிருந்தன். உனக்குச் சொல்லேக்கதான் தெரிஞ்சுது, அது வாய்க்குள்ளயே இருந்திருக்கு.”

“அக்கா” என்றேன்.

அவ மேசையில் கிடந்த என் பத்தாவது ரொக்கெற்றைத் தூக்கிப் பார்த்தா. இது ஒன்பதாவதை விட ஒரு முழம் நீளம், மூன்று போத்தல். “உதுக்கு எத்தினை தரம் பம்ப் அடிக்க வேணும்?”

“எண்பது, தொண்ணூறு தரம்.”

“இவ்வளவுதானோ? தண்ணி இறைச்ச கையெடி இது.”

அவ சிரித்தா. எனக்குத்தான் அழுகை வந்தது. சனியன்.

19 மார்ச், திங்கள்

யாகப்பர் ஆள் அனுப்பியிருக்கிறார். சிங்கராசாவை நாளைக்குக் கயிற்றுக்கு வரட்டாம். முழங்கால் கதை இல்லை, தீர்த்தக் கதை இல்லை. “வலை போடுற நேரம் மட்டும் உதுகளை விட வேண்டாமெண்டு அவளுக்குச் சொல்லு” என்றும் சொல்லிவிட்டாராம். அதில் ஞாயம் இருக்கிறது. ஆனால் அதை அவர் எனக்கு நேரே சொல்லட்டும், அண்ணனுக்குள்ளால் வேண்டாம் என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். “உன்ரை வாய்!” என்றார். பிறகு, “நில், உன்ரை பம்பில காத்துப் போகுது, வாசர் மாத்த வேணும்” என்று அதைக் கையில் எடுத்தார்.

கிறேஸ் அக்கா வலையைப் பொத்தக் குந்திவிட்டாவாம். மனுசனோடு மட்டும் இன்னும் கதைக்கவில்லையாம்.

24 மார்ச், சனி

நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு. காற்றுக் குறைவு. பத்து மணிக்குக் கடற்கரையில் பத்தாவதை ஏற்றினேன். காலை வலை இழுத்து முடிந்து, அடுத்த தரம் போட வலையை நீட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஐந்நூறு அடி தள்ளித்தான் நின்றேன். அவர் நேரே வந்து சொல்லாவிட்டாலும் ஞாயம் ஞாயம்தான்.

பம்ப் அடித்தது கிறேஸ் அக்கா. தொண்ணூற்றைந்து தரம், மூச்சு வாங்கவில்லை. பிறகு பாகைமானியைக் கொடுத்து அறுபது மீற்றருக்கு அனுப்பினேன். முதல்தடவையாக எனக்கு ஒரு கை சும்மா இருந்தது.

இழுத்தேன். போனது. ஐயோ, என்ன போக்கு! தண்ணீர் முடிந்த பிறகும் ஏறிக்கொண்டே இருந்தது.

“அம்பத்தேழு!” என்று அங்கிருந்து கத்தினா.

ஐம்பத்தேழு என்றால் தொண்ணூற்றிரண்டு மீற்றர். நூறு இல்லை. எட்டு மீற்றர் இன்னும் எனக்குக் கடன்.

பரசூட் விரிந்தது. கீழே காற்றில்லை, மேலே இருந்திருக்கிறது. போச்சு, போச்சு என்று நான் பார்த்துக்கொண்டே நிற்க, அது ஆடி ஆடி வடக்கே போய், நீட்டி வைத்த வலைக்கு அந்தப் பக்கம் மணலில் இறங்கியது. வலைக்குப் பக்கத்தில் யாகப்பர், என் அண்ணன், மற்ற ஆம்பிளையள் எல்லோரும். ஒருவரும் அசையவில்லை. நான் சுற்றிப் போவோம் என்று வெளிக்கிட்டேன். உண்மையாகத்தான். அண்ணனின் கயிறு இப்போதுதான் திரும்பி வந்தது.

கிறேஸ் அக்கா எனக்கு முதல் போய்விட்டா. பாகைமானியைக் கையில் பிடித்தபடி நேரே நடந்தா. வலையடியில் நின்றா. சீலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினா. ஒரு எட்டு. அந்தப் பக்கம் போய்ப் போத்தலை எடுத்து, மண்ணைத் தட்டி, திரும்பி அதே வழியால் இன்னொரு எட்டு.

யாகப்பர் அவவைப் பார்த்தார். அவவும் அவரைப் பார்த்தா. பதினாலு நாளைக்குப் பிறகு மனுசனோடு கதைத்தா.

“வலையை ஏத்துங்கோ. வெயில் ஏறுது.”

அவர் குனிந்து வலையின் ஒரு தலைப்பைத் தானே தூக்கினார். மற்றத் தலைப்பை என் அண்ணன் தூக்கினார்.