உப்புக்குப் போன இடத்தில்

ஜெயகௌரி,

சோறும் பருப்பும் மூடியிருக்கின்றன. கந்தோர் வேலை முடிந்து வந்ததும் சாப்பிடும். நான் மீன் வாங்கக் கீரிக் கடற்கரைக்குப் போகிறேன்.

நேற்று சுப்பர் மார்க்கெட்டில் நீர் உறைந்த மீன் பக்கற்றை எடுத்தபோது, "மன்னாரில இருந்துகொண்டு ஐஸ் மீனோ வாங்கிறீர்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். நீர் அதைத் திருப்பி வைத்தீர். அதன்பின் என்னோடு பேசவில்லை.

இன்று உப்பு வாங்க நானே அங்கு போனேன். உப்பைக் கடைசி மூலையில் வைத்திருக்கிறார்கள். அங்கே போய்ச் சேருவதற்குள், இரண்டுக்கு ஒன்று இலவசமான பிஸ்கற்றும் கண்ணுக்கு நேரே அடுக்கிய ஜாமும் வண்டியில் ஏறிவிட்டன. காசு கட்ட நின்ற இடத்தில் டொபியும் சேர்ந்தது. இவையெல்லாம் கடைக்காரரின் தந்திரம் என்று உமக்கு விளக்கியவன் நான்தான்.

அந்த மீன் பக்கற்றையும் பார்த்தேன். 'வெட்டிக் கழுவியது' என்று எழுதியிருந்தது. உமது பெருவிரலில் ஒரு கிழமையாக இருக்கும் கட்டு அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

இன்று மீனை நான் வெட்டுகிறேன். நீர் பக்கத்தில் இருந்து சொல்லித்தாரும்.

யோகராசா

பி.கு.: உப்பை வாங்க மறந்துவிட்டேன். "உப்புக்குப் போன மனிசன் டொபியோடயோ வந்தனீங்கள்?" என்று நீர் தாராளமாகக் கேட்கலாம். ஏதாவது கேட்டால் போதும்.