ஒரு லிட்டருக்குத் தொள்ளாயிரத்துப் பத்து

ஏனுங்க மச்சான், சௌக்கியமுங்களா? அங்கே வெயில் எப்படி? இங்கே மாசி முடியுமுன்பே தரை கொதிக்கிறது. உங்களுக்கு எந்நேரமும் சளி பிடிக்கிற உடம்பு. போன இடத்திலாவது அது விட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே போட்டால் படிக்கிறவர்களுக்கு வழி தெரியாது என்று அவளே அங்கங்கே திருத்திக்கொள்கிறாள். எழுதட்டும்.

நாலு நாள் முன்பு காலையில் அவள் எண்ணெய்ப் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துப் போசிப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் கடலை எண்ணெய் வாசம் வாசல் வரைக்கும் வந்தது. உங்கள் கடைப் படியேறும்போது வருமே, அதே வாசம்.

"ஏனுங் மாமா, இதுல ஒரு லிட்டருன்னு போட்டிருக்குதுங்க. எடையில எவ்வளவு வரும்?" என்றாள்.

"தொள்ளாயிரத்துப் பத்து கிராம்."

"அட! கையெழுத்துக்கே கட்டைவெரல நீட்டற உங்களுக்கு இது எப்படீங் தெரியும்?"

மச்சான், எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டுமானால் உங்களைச் சொல்ல வேண்டும். உங்களைச் சொன்னால் நான் செய்ததையும் சொல்ல வேண்டும். பேனா எடுத்துக்கொண்டு வந்து உட்கார் அம்மணி என்றேன்.

அந்த வருடம் நம் கிணற்று மோட்டார் புகைந்துபோனது ஞாபகம் இருக்கிறதா? உள்ளே கருகிய கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதுக் காயில் கட்டுவதற்காகச் சூலூரில் பஸ் ஏறிக் கோயமுத்தூர் போனேன். மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அது ஒரு சீட்ட அடைக்குதுங்க, அதுக்கும் டிக்கெட் வாங்குங்க" என்றார் கண்டக்டர். "மடியில இருக்கற புள்ளைக்கு எந்த ஊர்ல டிக்கெட்டு?" என்று கேட்டேன். பஸ்ஸே சிரித்தது. அதைத் திரும்பி வந்து உங்களிடம் சொல்லி நீங்கள் சிரிப்பதைப் பார்க்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். கடைசியில் அதைச் சொல்லவே இல்லை. வேறொன்றைச் சொல்லிப் போட்டேன்.

காயில் கட்ட மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். எதிரே புதிதாக ஒரு பெரிய கடை திறந்திருந்தது. நாமே உள்ளே போய் நாமே எடுத்துக்கொள்ளும் கடை. கண்ணாடிக் கதவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டேன். "செருப்புப் போட்டுட்டே வரலாமுங்க அய்யா" என்று ஒரு பெண் சிரித்தது. உள்ளே மார்கழி மாதம் மாதிரி குளிர். ஒவ்வொரு சாமானுக்கும் கீழே விலை எழுதிய அட்டை. எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும் எனக்கு, பஸ் நம்பர் பார்த்துப் பழகியது. எண்ணெய்ப் பாக்கெட்டுகளை மலை போல அடுக்கியிருந்தார்கள். அட்டையில் ஐம்பத்திரண்டு என்று போட்டு, சிவப்பில் அடித்து, பக்கத்தில் பெரிதாக நாற்பத்தைந்து. பாக்கெட்டில் பெரிதாக ஒன்று என்ற எண். அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் பொடியாக ஏதோ இருந்தது. அது எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான். நம் ஊரில் எண்ணெய் என்றால் கிலோ. ஒரு கிலோ கொடுங்க, அரைக் கிலோ கொடுங்க என்று கேட்டே வளர்ந்தவன் நான். அந்த ஒன்று வேறு எதுவாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. பாக்கெட்டோடு ஒரு பிளாஸ்டிக் சொம்பும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

உங்கள் கடையில் அன்றைக்குக் கோயிலுக்கான விலை கிலோ நாற்பத்தெட்டு.

அந்த வாரம்தான் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வருடா வருடம் அன்னதானத்து வடைக்குப் பதினைந்து கிலோ எண்ணெய் உங்கள் கடையிலிருந்துதான் வரும். காங்கேயத்து மில்லில் நீங்கள் வாங்கிய விலைக்கே கோயிலுக்குக் கொடுப்பீர்கள். அது ஊருக்கே தெரியும். அந்தக் கூட்டத்தில்தான் நான் எழுந்து பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"மச்சான் கடையில நாப்பத்தெட்டு. இது நாப்பத்தஞ்சு. சொம்பு வேற ஓசி."

"மில்லு வெலை மில்லு வெலைன்னாரே, அப்ப அந்த மூணு ரூவாய எங்க தடவுனாரு, மீசைக்கா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். சிரிப்பு. நீங்கள் சிரிக்கவில்லை. பாக்கெட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் தூக்கிப் பார்த்தீர்கள்.

"எடை போட்டுப் பாத்தியா மாப்ள?"

நான் சொன்ன பதிலை மருமகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். அவள் எழுதட்டும்.

"கம்பெனிக்காரன் மிசின்ல அடைச்சிருக்கறானுங்க. உங்க தராசுல போட்டாத்தான் கொறையும்."

இது சும்மா வேடிக்கைக்கு வந்த சொல், மச்சான். மண்டபமே சிரிக்கிறது என்றால் எனக்கு ஒரு வார்த்தை கூடுதலாகத்தான் வரும். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனீர்கள்.

கோயமுத்தூரிலிருந்து பதினைந்து பாக்கெட் வந்தது. நாற்பத்தைந்து ரூபாய் மிச்சம் என்று கோயில் கமிட்டித் தலைவர் என் முதுகில் தட்டினார். நோம்பி அன்று கடைசிப் பந்திக்கு முன்பே சமையல்காரர் என்னைக் கூப்பிட்டார். "எண்ணெய் தீந்துபோச்சுங்க. இன்னும் ஒரு குண்டா மாவு கெடக்குது. எப்பவும் பதினஞ்சு சரியாப் போகுமுங்களே, இதென்ன கூத்து?" எவனோ திருடிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். போசியைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது? உங்கள் கடைக்குத்தான் ஓடி வந்தேன்.

அதே பாக்கெட் ஒன்றை நீங்களும் ஆள் விட்டு வாங்கி அலமாரியில் வைத்திருந்தீர்கள். அதைத் தராசில் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் கிலோக் கல்லை வைத்தீர்கள். பாக்கெட் தட்டு மேலே போனது. அந்தத் தட்டில் ஐம்பது கிராம் கல்லை வைத்தீர்கள், அப்புறம் ஒரு இருபது, இன்னொரு இருபது. முள் நடுவில் நின்றது.

"தொண்ணூறு கிராம் கொறையுது மாப்ள. கம்பெனிக்காரனும் திருடல, எவனும் திருடல. அதுல போட்டிருக்கறது லிட்டரு. பாலும் சீமெண்ணையும் அளக்கற அளவு. எண்ணெய் தண்ணிய விட லேசு, கொழம்புல மேல மெதக்கறத நீ பாத்ததில்லையா? தொள்ளாயிரத்துப் பத்துக்கு நாப்பத்தஞ்சுன்னா, கிலோவுக்கு நாப்பத்தொம்பதரை ஆகுது. என் வெலைய விட ஒன்னர ரூவா சாஸ்தி."

"ஆனா அம்பத்திரெண்ட அடிச்சு..."

"அந்த அம்பத்திரெண்டுக்கு என்னிக்காச்சும் எவனாச்சும் வாங்கியிருப்பானா? அடிக்கறதுக்குன்னே எழுதுன வெலை அது."

"இதை அன்னிக்கே கூட்டத்துல சொல்லியிருக்கலாமல்லங்க மச்சான்?" என்று கேட்டேன்.

"நாஞ் சொன்னா வேவாரத்துக்குச் சொல்றான்னுவாங்க. நீதான தூக்கிக் காட்டுன? நீயே எறக்கி வையி."

அவ்வளவுதான் சொன்னீர்கள். போசி நிறைய எண்ணெய் ஊற்றிக் கொடுத்தீர்கள். காசு வாங்க மாட்டேன் என்று கையை மடக்கிக்கொண்டீர்கள். கோயிலில் சமையல்காரர் ஏது எண்ணெய் என்று கேட்டார். "ஊட்டுல இருந்துச்சுங்க" என்றேன். உங்கள் கடைப் பேரைச் சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? ஆனால் அதைச் சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டுமே. பந்தியில் உட்கார்ந்தவர்களெல்லாம் என் புத்தியைத்தான் மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அப்புறம் ஆடி நோம்பிக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். ஊரில் யார் கோயமுத்தூர் போனாலும் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். "தராசு கொறையும்" என்று நான் சொன்னது மட்டும் என்னை விட்டுத் தனியாக நடந்து தெருத்தெருவாகப் போயிருக்கிறது. உங்கள் கடை வாசலில் உப்பு வாங்க வந்த பெண்கள்கூட முள்ளை முறைத்துப் பார்ப்பதை நானே பார்த்தேன். ஒவ்வொரு தடவை நான் அந்தப் பக்கம் போகும்போதும் நீங்கள் நிமிர்ந்து பார்ப்பீர்கள். கோபமில்லை. சொல்லிவிட்டாயா என்கிற பார்வை. நான் மறு சந்து வழியாகப் போகப் பழகிக்கொண்டேன்.

அடுத்த வருடம் கடையை மூடிவிட்டுப் பெருந்துறையில் ஏதோ கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனீர்கள். சாமானெல்லாம் பழைய இரும்புக்குப் போயிற்று. அந்தத் தராசையும் எடைக் கற்களையும் மட்டும் இரும்புக்காரரிடம் கேட்டு வாங்கி, சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். எதற்கென்று வீட்டில் கேட்டார்கள். புளி நிறுக்க என்றேன். ஒரு நாளும் நிறுக்கவில்லை.

போன ஐப்பசியில் எஸ்டிடி பூத்திலிருந்து ஆள் ஓடி வந்து, பெருந்துறையிலிருந்து போன் என்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. காரியத்தன்று எல்லோரும் போன பின்பு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முப்பது வருடம் உங்களோடு குடித்தனம் நடத்தியவர்.

"ஏனுங் தம்பி, உங்ககிட்ட ஒன்னு கேக்கட்டுங்களா? உங்க மச்சான் நெசமாவே எடைய கொறச்சு வித்தாருங்களா? கேட்டா பேசவே மாட்டேன்னாரு. எம் மாப்ள சொல்லுவான், அப்பக் கேட்டுக்கோன்னாரு."

அக்காவுக்கே சந்தேகம் வந்துவிட்டது, மச்சான். அப்போதும் நீங்கள் என்னைத்தான் நம்பி உட்கார்ந்திருந்திருக்கிறீர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் இப்ப எதுக்குங்க அக்கா" என்றேன். வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

இதைச் சொன்னதும் மருமகளின் பேனா நின்றுவிட்டது. இவள் கடைக்குப் போனால் ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பி, கிராமைப் பார்த்து, விலையை வகுத்த பிறகுதான் கூடையில் போடுவாள். "இவ்வளவு தெரிஞ்சும் அந்தக் கோயமுத்தூர்க் கடையிலயே ஏன் வாங்கறோமுங்க?" என்று கேட்டாள். மச்சான் கடை மூடினதுக்கப்புறம் ஊரில் எண்ணெய்க் கடையே இல்லையே அம்மணி என்றேன். "அந்த அக்காவுக்கு யாருங் மாமா பதில் சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

அதோடு நின்ற கடிதத்தை இன்றைக்குத்தான் மறுபடி எடுத்தோம், ஞாயிற்றுக்கிழமை. இந்த வருட நோம்பிக்கு அதே மண்டபத்தில் கூட்டம். பெருந்துறைக்கும் ஆள் அனுப்பியிருக்கிறேன். அக்கா பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்குவார். கட்டிலுக்கடியிலிருந்து சாக்கை இழுத்து, தராசைத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். முள் இன்னும் சுத்தமாக நடுவில் நிற்கிறது. மருமகள் கடையில் பிரிக்காத பாக்கெட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். மூன்று வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு ஒன்றுகூட இப்போது ஞாபகம் வரவில்லை. மண்டபத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். இந்த முறை என்னைப் பார்த்து. சிரிக்கட்டும். அக்கா ஒருத்தர் சிரிக்காமல் முள்ளைப் பார்த்தால் போதும்.

வாசலில் பக்கத்து வீட்டுப் பையன் வந்து நின்று கூப்பிடுகிறான். "ஏனுங் மாமா! பெருந்துறை பஸ் வந்துட்டுதுங்க. அந்தம்மா எறங்கி நேரா மண்டபத்துக்கே போய்ட்டாங்க. தலைவரு உங்களக் கேக்கறாரு, வாரீங்களா?"

வாரேன் சாமி, வாரேன். மச்சான், கிலோக் கல்லை இடுப்பில் செருகிக்கொண்டேன், தராசு ஒரு கையில், பாக்கெட்டை மருமகள் எடுத்துக்கொள்வாள், நான் போனதும் முதலில் அக்காவைப் பார்த்து...